நூற்றைம்பது வாட்

அக்கா,

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தாள். மூடியைக் கழற்றியதும் அந்த வாடை வந்தது. சூடேறிய தூசியும் லேசாகக் கருகிய வார்னிஷும் கலந்த வாடை. தினமும் முகர்கிற வாடைதான், என்னை ஒன்றும் செய்வதில்லை. அன்றைக்கு அந்தப் பெண் கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள். “அண்ணாச்சி, புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டா இந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா? எம்புட்டு வாட்டுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க.” திருப்புளி என் கையிலேயே நின்றுவிட்டது. இதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அப்போது நான் சிரித்தேன்.

நீங்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்று சொன்னதே இல்லை. உங்களுக்கு அது ‘கரண்டுப் பெட்டி’. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிற தகரப் பெட்டி. அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவைப் பார்க்காமல் நான் செய்த காரியத்தைத்தான் இந்த மடலில் எழுதப்போகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வராதவன் இப்போது எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு அது வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் நான் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான். ஊரில் எனக்குப் போட்டிக்கு ஆள் குறைவு. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரும் நம்பியது, நானும் நம்பிவிட்டேன். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, தோளில் பிளான் சுருட்டி வைக்கும் நீளக் குழாயோடு படியேறி வந்தீர்கள். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, அண்ணன் வீட்டு முன்னறையில் வரைபலகை போட்டு, ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் நீங்கள். “தம்பி, கையால போட்டது போதும். ஒரு மில்லு ஆபீசுல பழைய கம்ப்யூட்டர் விக்காங்களாம். வாங்கிக் குடுத்து, ஓட வச்சுக் குடுப்பியளா?” என்றீர்கள்.

வாங்கிக் கொடுத்தேன். ஓடவும் வைத்தேன். இரண்டே மாதத்தில் நீங்கள் வரைந்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஒவ்வொரு சாயந்தரமும் அன்றைய வேலையை ஃப்ளாப்பியில் பிரித்துப் பிரித்து எடுத்து வைப்பீர்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி. நான் கேலி செய்தேன். “என்னக்கா இது, வடாம் காயப்போட்டு டப்பாவுல அடைக்கிற மாதிரி! ரெண்டாவதா ஒரு டிஸ்க்கு மாட்டிவிடுதேன், அதுல ஒரு காப்பி கிடக்கட்டும்.” மாட்டினேன். சி.டி. டிரைவ் ஒன்றும் மாட்டினேன். என் பேச்சைக் கேட்டு ஃப்ளாப்பியில் எடுப்பதை விட்டுவிட்டீர்கள். முதல் பாவம் அதுதான். அப்போது அது பாவமாகத் தெரியவில்லை, தொழில் திறமையாகத் தெரிந்தது.

அந்த வருடம்தான் ராஜபாளையத்து எஞ்சினியர் உங்களைத் தேடி வந்தார். ஊரில் பாதி மில்லுக்குக் கட்டிடம் கட்டியவர். ஒரு நூற்பாலையின் புதுக் குடோனும் தொழிலாளர் குடியிருப்பும் சேர்ந்த முழு வரைபடத் தொகுதியை உங்களிடம் ஒப்படைத்தார். ஆடிப்பூரம் முடிந்த திங்கட்கிழமை முதலாளிகள் வந்து பார்க்கிறார்கள். அதற்குள் கொடுத்துவிட்டால் ராஜபாளையத்தில் அவருடைய அலுவலகத்திலேயே உங்களுக்கு நிரந்தரமாக ஒரு மேசை. நீங்கள் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. “மேசை தம்பி! என் பேரு போட்ட மேசை! எங்க அண்ணன் இந்த முன்னறையை எப்ப காலி பண்ணுவேன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். காலி பண்ணிட்டேன்டான்னு சொல்லணும்.” சொல்லிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினீர்கள். உங்களுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும்.

படம் பெரியது, கம்ப்யூட்டர் பழையது. ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னால் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கும். நீங்கள் அடுக்களைக்குப் போய்க் காபி ஆற்றிக்கொண்டு வந்தாலும் பாதிக் கட்டிடம்தான் வந்திருக்கும். “டிஸ்ப்ளே கார்டை மாத்திட்டா பறக்கும்க்கா” என்றேன். மதுரையிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்தேன். சின்ன விசிறி வைத்த கார்டு. அந்தப் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்திராதது. அதை உங்களுக்கு மாட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை, உங்கள் வேலை முடிய வேண்டும் என்பதைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

அன்றைக்குத்தான் கேட்டீர்கள். “தம்பி, இது கூடுதலா கரண்டு இழுக்குமா? ஏற்கெனவே ரெண்டு டிஸ்க்கு ஓடுது, சி.டி. வேற இருக்கு. அந்தப் பெட்டி தாங்குமா? நாங்க தூணு எம்புட்டுப் பாரம் தாங்கும்னு கணக்குப் பாக்காம மாடி போட மாட்டோம், அதான் கேக்கேன்.” இதைவிடச் சரியான கேள்வியை அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “நீங்க கோடு போடுங்கக்கா. கரண்டை நான் பாத்துக்கிடுதேன்.”

பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டர் மில்லில் இருந்த காலத்தில் ஆயுத பூஜைக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்து விட்டுவிடவில்லை. அங்கே இருந்த எலெக்ட்ரீசியன் பக்திமான் போல, மூடியைக் கழற்றி, மின்சாரம் குடியிருக்கிற பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். வருடா வருடம் ஒன்றின் மேல் ஒன்று. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அளவுச் சீட்டை அந்தச் சந்தனம் காறை மாதிரி மூடியிருந்தது. நான் நகத்தால் ஓரத்தில் சுரண்டினேன். 230 என்று ஓர் எண் தெரிந்தது. ‘இருநூற்று முப்பது வாட், தாராளம்’ என்று சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். ஈரத்துணி எடுத்துத் துடைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சாமிப் பொட்டு, எதற்குத் துடைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்குப் பக்தி என்று பேர் வைத்தேன், வேறென்ன.

கார்டு மாட்டியதும் படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நீங்கள் ஜன்னல் வழியாக மதினியைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் கழித்துப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தீர்கள். “தம்பி, வரைஞ்சுக்கிட்டு இருக்கயில தானா அணைஞ்சு தானா வருது. என்னன்னு வந்து பாக்கியளா?” உங்கள் வீடு தேர் ஓடும் வீதிக்கு அடுத்த தெரு. ஆடிப்பூரத்துக்குத் தேர் கிளம்புகிற சமயம், வீதியில் குறுக்கே போகிற மின்கம்பிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார்கள். எனக்கு அது தோதான காரணமாக வந்து வாய்த்தது. “தேர் நேரம்க்கா, கரண்டு ஏறி இறங்கத்தான் செய்யும். தேர் நிலைக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிரும்” என்றேன். நீங்கள் நம்பினீர்கள். நான் பஸ் ஏறி வந்து பார்க்கவில்லை. அரை மணி நேரப் பயணம்தான் அக்கா. கூட்டமாக இருக்கும் என்று வரவில்லை.

தேர் நிலைக்கு வந்தது. உங்கள் கம்ப்யூட்டர் நிலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அது அணைந்தது, மறுபடி வரவே இல்லை.

சனிக்கிழமை காலையில் நீங்கள் அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். மாடிப்படியில் உங்கள் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்று டக் டக் என்று தட்டிவிட்டு நின்றது. மூன்று வாரத்து வேலை. ஃப்ளாப்பியில் இருந்ததெல்லாம் அதற்கு முந்தைய வீட்டுப் படங்கள்தான். நீங்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் படியேறி வந்தார். நீங்கள்தான் காலையிலேயே போன் செய்து, மறைக்காமல், மெஷின் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் உட்காரவில்லை. “எப்பிடிப் போச்சு? திங்கக்கிழமை நான் அவங்களுக்கு என்னத்தைக் காட்டுறது?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உங்களைப் பார்த்தல்ல. அவர் மில்லுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார், என்னிடம்தான் வாங்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது. நான் கழற்றிய டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போது நீங்கள்தான் பேசினீர்கள். “தம்பி, நான் அதுக்கு ஒரு துணி தச்சுப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்ல தறி ஓடும், பஞ்சு பறக்கும், பல்லி வேற விழும்னு. ஓடும்போதும் எடுக்கல. அதனால சூடாகிப் போயிருக்குமோ?”

அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன். பழைய தலையணை உறையில் பூ வேலை செய்து, மேலும் பக்கவாட்டிலும் மூடி, பின்பக்கம் காற்றுப் போக முழுவதும் திறந்து தைத்திருந்தீர்கள். வரைகிறவர் கை அல்லவா, அளவு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. போன தடவை வந்தபோது நானே அதைப் பாராட்டியிருக்கிறேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

நான் எஞ்சினியரைப் பார்த்துச் சொன்னேன்: “ஆமா சார். மூடி வச்சுட்டாங்க. சூடாயிருச்சு.”

ஐந்து வார்த்தை. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எஞ்சினியர் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். “பொம்பளையாளுக கிட்ட மெஷினைக் குடுத்தா மிக்ஸிக்கு உறை தைக்கிற மாதிரிதான் தைப்பாங்க. என் புத்தியச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். நான் ஒரு ஸ்க்ரூவைக் கீழே தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். கீழே எந்த ஸ்க்ரூவும் விழவில்லை.

நீங்கள் போன பிறகு கரண்டுப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே விசிறியைச் சுற்றிப் பஞ்சு அடைத்திருந்தது. மில்லில் இருந்த காலத்துப் பஞ்சு, வருடக்கணக்காகச் சேர்ந்தது. பிறகு ஈரத்துணியால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். 230 என்று நான் பார்த்தது உள்ளே வருகிற மின்சாரத்தின் வோல்ட். எல்லாச் சுவரிலும் வருகிற அதே 230. அதற்குக் கீழே, நான் சுரண்டாமல் விட்ட இடத்தில், 150 வாட் என்று போட்டிருந்தது. அதிலும் பஞ்சடைத்துக் கிழடான பெட்டி அந்த நூற்றைம்பதையாவது கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். அதன் தலையில் இரண்டு டிஸ்க்கு, சி.டி., விசிறி வைத்த கார்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தவன் நான். எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும்போது அது துவண்டு துவண்டு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை விழும்போதும் டிஸ்க்குகள் அடிபட்டிருக்கின்றன. நீங்கள் கேட்ட தூண் கணக்கு அச்சு அசலாக அதுதான்.

அப்போதாவது ஓடி வந்து சொல்லியிருக்கலாம். எஞ்சினியர் வீடு நாலு தெரு தள்ளித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி, புது டிஸ்க்கு ஒன்றைப் போட்டு, பழைய பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “சுத்தம் பண்ணியிருக்கேன்க்கா. இனி நல்லா ஓடும்.” நீங்கள் அந்தத் துணியை மடித்து அலமாரி மேல் வைத்திருந்தீர்கள். எனக்குக் காபியும் ஓர் இலைத் துண்டில் பால்கோவாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “மன்னிச்சுக்கிடுங்க தம்பி. என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. நல்லா மாட்டிக் குடுத்ததை நான்தான் பாழாக்கிட்டேன்.”

நான் பால்கோவாவைத் தின்றேன் அக்கா. சீ, இதை எழுதும்போதே கை கூசுகிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், நான் மென்று விழுங்கிக்கொண்டே “பரவாயில்லக்கா” என்றேன்.

அந்த மேசை மதுரையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. எஞ்சினியர் பிறகு உங்களுக்குக் கட்டிட வேலை எதுவும் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுக்கவில்லை. “மெஷினு நமக்கு ஒத்துக்கிடாது தம்பி” என்று நீங்கள் பழையபடி டிரேசிங் காகிதத்துக்கும் மை பேனாவுக்கும் போனீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் அண்ணன் பிள்ளைகள் கார் ஓட்டி விளையாடுவதற்கு ஆனது. புதுப் பெட்டி மாட்டியபின் அது ஒரு தடவைகூட தானாக அணையவில்லை. நீங்கள் அதைப் பார்த்து, துணியை எடுத்ததால்தான் நன்றாக ஓடுகிறது என்று இன்னும் உறுதியாக நம்பினீர்கள். வரவர எல்லோரும் கம்ப்யூட்டர் பிளான்தான் கேட்டார்கள். உங்கள் பலகைக்கு ஆள் வருவது நின்றது. முன்னறையை அண்ணன் எடுத்துக்கொண்டார். நீங்கள் நினைத்தபடி காலி பண்ணவில்லை.

ஒரு தடவை பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன். சில வருடம் கழித்து. உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ராஜபாளையம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்து, “அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்...” என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைத் தட்டி, “இன்னும் அதை நெனச்சுக்கிட்டா இருக்கிய? விடுங்க. நான் தெரியாமச் செஞ்சதுதான, அவிய அவிய விதி” என்று சிரித்தீர்கள். உங்களையே நீங்கள் மன்னித்துக்கொண்டிருந்தீர்கள், நான் செய்ததற்கு.  பிறகு மாம்பழ விலையைப் பற்றிப் பேசினோம்.

நீங்கள் போன செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் மதினி என்னை அடையாளம் கண்டு கூடத்தில் உட்காரவைத்தார். டி.வி., மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் திறந்து தூசி படிந்து கிடந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “எதையும் மூட விட மாட்டா. ‘மூடாதிய மதினி, நான் ஒருக்கப் பட்டது போதும்’பா. கடைசி வரைக்கும் அதே சொல்லு.” நான் தண்ணீர் கேட்டேன்.

அன்றைக்கே நேராக எஞ்சினியர் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, வீட்டோடு இருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். துணி இல்லை சார், நான்தான் சார், அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை சார். அவர் முடியும் வரை கேட்டார். கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“எந்தப் பொண்ணு? ஸ்ரீவில்லிபுத்தூரா? அந்தக் குடோனை மதுரைப் பையன்ல வரைஞ்சான்? யாருப்பா அது, எனக்கு ஞாபகம் இல்லையே.” பிறகு என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, “இதுக்கா இந்த வெயில்ல வந்தே? உக்காரு, மோர் குடி” என்றார்.

இவருக்குப் பயந்துதான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. அவர் அதை அடுத்த வாரமே மறந்திருக்கிறார். உங்களைக் குற்றம் சொன்னவருக்கு உங்கள் முகமே நினைவில்லை. அந்தக் குற்றத்தைக் கடைசி வரை நம்பியது இந்த ஊர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதைத் தீர்த்துவைக்க எஞ்சினியர் வேண்டியதில்லை, முதலாளிகள் வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நான் போதும்.

பஸ்ஸில் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். அக்கா, துணியால ஒண்ணும் ஆகல. பெட்டி தாங்குமான்னு நீங்க கேட்டிய, நான்தான் பாக்காம மாட்டுனேன். தப்பு என்னோடது. இவ்வளவுதான் அக்கா. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.